எதையும் தூக்கிப் போட முடியாதவரிடம் பேசுவது: பொருள் சேர்ப்புக் கோளாறை நேர்காணலில் மதிப்பிட ஒரு வழிகாட்டி

"போன போகிக்கு ஊட்ல இருந்து என்னங்க எடுத்துப் போட்டீங்க?"

தருமபுரிப் பக்கம் ஒருவருக்குப் பொருள் சேர்ப்புக் கோளாறு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலோர் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்: கிழிந்த பாய், உடைந்த முறம், தேய்ந்த துடைப்பம். சிலர் சிரித்துக்கொண்டே, "போகியெல்லாம் டவுன்காரங்களுக்குங்க" என்பார்கள். மிகச் சிலர் மட்டும் பேச்சை மாற்றுவார்கள். கூட வந்த மகள் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சு கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் முன்னே இழுத்துக்கொள்ளுங்கள்.

உளவியலோ மனநல சமூகப் பணியோ படித்து முடித்து, மாவட்ட மனநலத் திட்டத்திலோ தனி மருத்துவமனையிலோ புதிதாக உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயை உறுதி செய்வதும் மருந்து தருவதும் மனநல மருத்துவரின் வேலை. அவர் முடிவெடுக்கத் தேவையான தகவலை ஒழுங்காகத் திரட்டித் தருவது நம் வேலை. எடுத்துக்காட்டுகளில் வரும் ஆட்கள் பல பேரைக் கலந்து உருவாக்கியவர்கள்.

முதலில் சொல் பிரச்சினை

இந்தக் கோளாறின் ஆங்கிலப் பெயரில் வரும் ஹோர்டிங் என்ற சொல்லை அகராதியில் தேடினால் 'பதுக்கல்' என்று வரும். அதை நோயாளியிடம் சொல்லிவிடாதீர்கள். நம்மிடம் பதுக்கல் என்றால் ரேஷன் அரிசி, பறக்கும் படை, மாநில எல்லைச் சோதனைச் சாவடி. ஓசூர் பக்கத்து ஆள் ஒருவர் காதில் 'பதுக்கல் நோய்' என்று விழுந்தால் கேஸ் போடப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார். குறிப்பேட்டில் 'பொருள் சேர்ப்புக் கோளாறு' என்று எழுதிக்கொள்ளுங்கள். பேச்சில் நோய்ப் பெயரே வேண்டாம். அவர் 'சாமான்' என்றால் நீங்களும் சாமான் என்றே சொல்லுங்கள். 'சேத்து வெச்சது' என்றால் அதுவே.

இன்னொரு சொல் 'குப்பை'. வேலையில் சேர்ந்த புதிதில், பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த அறுபது வயது அம்மாவிடம், "ஊட்ல குப்பை நிறைய சேர்ந்திருச்சாம்மா?" என்று அன்பாகத்தான் கேட்டேன். "குப்பைன்னு யாரு சொன்னா? என் மருமவளா?" என்று எழுந்து போனவர் திரும்ப வரவே இல்லை. மருமகள் சொன்ன சொல்லை நான் வாங்கி அவர் முகத்தில் எறிந்திருக்கிறேன் என்று புரிய எனக்குச் சில நாளானது. அழுக்கு, அடைசல், பழசு எல்லாமே அந்த வகைச் சொற்கள்தான்.

எதைத் தேடுகிறோம்

இந்தக் கோளாறு நெடுங்காலம் தனி நோயாகக் கருதப்படவில்லை. எண்ணச் சுழற்சி நோய் என்று நாம் சொல்லும் ஓ.சி.டி.யின் ஒரு முகம் என்றோ, ஒருவகை ஆளுமைக் கோளாறின் அடையாளம் என்றோதான் பார்த்தார்கள். 1996-இல் உளவியலாளர்கள் ராண்டி ஃப்ராஸ்ட், டாமரா ஹார்ட்ல் இருவரும் இதற்கு ஒரு தெளிவான வரையறை கொடுத்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்-5, 2013-இல் வந்தபோது இதைத் தனி நோயாக ஏற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11-இல் இதன் குறியீடு 6பி24.

டி.எஸ்.எம்-5 ஆறு நிபந்தனைகள் சொல்கிறது. ஒன்று, பொருளின் உண்மையான மதிப்பு எதுவாக இருந்தாலும் அதைக் கைவிடுவது தொடர்ந்து கடினமாக இருக்க வேண்டும். இரண்டு, வைத்திருந்தே ஆக வேண்டும் என்ற எண்ணமும் கைவிடும்போது வரும் வேதனையும் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். மூன்று, அதனால் புழங்கும் இடங்கள் அடைபட்டு, எதற்கான இடமோ அதற்குப் பயன்படாமல் போயிருக்க வேண்டும். நான்கு, வாழ்க்கையில் பாதிப்போ வேதனையோ இருக்க வேண்டும். ஐந்தாவதும் ஆறாவதும் விலக்கு நிபந்தனைகள்: மூளைக் காயம் போன்ற உடல் நோயாலோ வேறொரு மனநோயாலோ வந்ததாக இருக்கக் கூடாது.

பார்ப்பவர் கண்ணை இழுப்பது மூன்றாவதுதான், குவியல். நோயின் வேர் இருப்பதோ முதல் இரண்டில், கை விடாமல் போகும் அந்த நொடியில். நேர்காணலில் பாதி நேரத்தை அதற்கே ஒதுக்குங்கள்.

படி 1: யார் கூட்டி வந்தார்கள்?

"எனக்குச் சாமான் சேர்க்கிற பழக்கம் இருக்கு" என்று தானாக வருகிறவர் அபூர்வம். தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்று வருவார்கள். குவியல் சரிந்து காலில் விழுந்தோ, சாக்கு மூட்டைக்குள் கைவிட்டுத் தேள் கொட்டியோ அரசு மருத்துவமனைக்கு வந்து, அங்கிருந்து உங்களிடம் அனுப்பப்படுவார்கள். இல்லையென்றால் மகனோ மருமகளோ இழுத்து வருவார்கள். வீட்டை விற்கவோ பாகம் பிரிக்கவோ நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. அந்தச் சொத்துக் கணக்கு உங்களிடம் சொல்லப்படாமலே அறைக்குள் உட்கார்ந்திருக்கும். "இப்ப இதுக்காக வரணும்னு ஏன் தோணுச்சு? போன வருஷம் ஏன் வரல?" என்று கேளுங்கள். அந்த 'இப்ப'வுக்கான பதிலில் பாதிக் கதை வெளியே வந்துவிடும்.

படி 2: முதலில் தனியாக

வீட்டாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நோயாளியிடம் முதல் இருபது நிமிடம் தனியாகப் பேசுங்கள். இதன் காரணம் மரியாதை மட்டுமல்ல. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் இரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. "நீங்க சொல்றத உங்க பையன்கிட்ட உங்களக் கேக்காம சொல்ல மாட்டேன். உங்க உசுருக்கோ வேற யார் உசுருக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்ல வேண்டி வரும்" என்று எளிதாகச் சொல்லுங்கள். அடுத்த வாக்கியத்தை மறக்காதீர்கள்: "உங்க ஊட்டுக்கு ஆள் அனுப்பிச் சாமான அள்ளிட்டு வர்ற வேலை எங்களுது இல்லீங்கம்மா." பலர் பயந்து வருவது அதற்குத்தான். இதைக் கேட்டதும் தோள் இறங்குவதை நீங்களே பார்க்கலாம்.

வீட்டாரிடம் பிறகு தனியாகப் பேசுங்கள், நோயாளியின் சம்மதத்தோடு. நோயாளி குறைத்துச் சொல்வார். வீட்டார் கூட்டிச் சொல்வார்கள். இரண்டையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சராசரி எடுத்து எழுதாதீர்கள்.

படி 3: கை விடாத நொடி

"உங்களால பொருளத் தூக்கிப் போட முடியலையா?" என்று பொதுவாகக் கேட்டால், "அதெல்லாம் போடுவனே" என்று பொதுவாகவே பதில் வரும். ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். கல்யாண வீட்டில் தரும் தாம்பூலப் பை இதற்கு நல்ல பொருள், எல்லார் வீட்டிலும் இருக்கும்.

"எத்தனை பை இருக்கும்மா?"
"இருக்கும் ஒரு இருநூறு, முந்நூறு."
"ஒண்ணு கிழிஞ்சிருந்தா?"
"அதுவும் இருக்கும்."
"கிழிஞ்சத எடுத்துப் போடப் போறீங்கன்னு வெச்சுக்குங்க. கையில எடுத்துட்டீங்க. இப்ப மனசுல என்ன ஓடுது?"

இங்கே நிறுத்திவிடுங்கள். மௌனம் எவ்வளவு நீண்டாலும் நீங்கள் நிரப்பாதீர்கள். பதில் நாலைந்து திசையில் ஒன்றிலிருந்து வரும். வீணாகிவிடுமே என்ற பதைப்பு. 'ஒரு நாளைக்கு உதவும்' என்ற கணக்கு. 'இது என் பெரிய பொண்ணு கல்யாணத்துல வாங்குனது' என்று பொருளோடு ஒட்டிய நினைவு. போட்டுவிட்டால் அந்த நாளே மறந்துபோகும் என்ற பயம். பொருளுக்கே உயிர் இருப்பதுபோல 'பாவம், அதப் போயி எப்படி' என்ற இரக்கம். எந்தத் திசை என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். பின்னால் சிகிச்சை தொடங்குவது அந்த வார்த்தையிலிருந்துதான்.

அடுத்து வேதனையின் அளவு. "போட்டுட்டீங்க. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வருமா? திரும்பப் போயி எடுத்துட்டு வருவீங்களா?" தெருமுனையில் கொட்டியதை விடியற்காலையில் போய்ப் பொறுக்கி வந்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது முகம் வெட்கத்தில் சிவக்கிறதா, சாமர்த்தியத்தில் மலர்கிறதா என்று கவனியுங்கள். தன் நிலையைப் பற்றிய அறிவை எடைபோடும்போது அது உதவும்.

பேச்சோடு நிற்க வேண்டாம். இரண்டாவது சந்திப்புக்கு வீட்டிலிருந்து ஒரு பை நிறையச் சாமான், கலந்து கட்டி எதுவானாலும், எடுத்து வரச் சொல்லுங்கள். மேசை மேல் கொட்டி, 'வெச்சுக்கறது', 'குடுக்கறது', 'போடறது' என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கை வைக்காதீர்கள். தொடுவதற்கு முன் கேளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எவ்வளவு நேரம் எடுக்கிறார், மூன்று குவியலும் கடைசியில் ஒன்றாகவே கலந்துவிடுகிறதா, ஒரு ரசீதைக் கையில் எடுத்ததும் கதை எங்கெங்கோ போய்விடுகிறதா என்று பாருங்கள். முடிவெடுக்க முடியாமை, வகை பிரிக்கத் தடுமாறுவது, கவனம் சிதறுவது மூன்றும் இந்த நோயில் அடிக்கடி கூடவே வரும். ஒரு மணி நேரப் பேச்சில் பிடிபடாதது இந்தப் பையில் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

படி 4: புழங்கும் இடம் எது?

நம் மாவட்டத்துக்குப் புத்தகத்தை அப்படியே பொருத்தினால் தவறு வரும் இடம் இதுதான். டி.எஸ்.எம்-5 கேட்பது சமையல், படுக்கை, உட்காருமிடம் போன்ற அன்றாடப் புழக்க இடங்களை. பரண், கொட்டகை, மாட்டுக்கொட்டாய், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சாய்ப்பு ஆகியவை நிரம்பி வழிந்தாலும் அதை வைத்து மட்டும் நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் அரசுத் திட்டத்தில் கட்டிய 300 சதுர அடிப் பசுமை வீட்டில் சமைப்பது, படுப்பது, சாமி கும்பிடுவது எல்லாம் அடுத்தடுத்துதான். அங்கே நாலு மூட்டை வைத்தாலே இடம் போய்விடும். அது வீட்டின் சிறுமை. மனத்தின் கோளாறு இல்லை.

பிழைப்பையும் தள்ளிப் பாருங்கள். பென்னாகரம் பக்கம் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் பருவத்தில் வீடெல்லாம் புளியாகத்தான் இருக்கும். பட்டுப்புழு வளர்ப்பவர் வீட்டில் ஆட்களைவிடத் தட்டுகளுக்கே இடம் அதிகம். தக்காளி விவசாயியிடம் காலிப் பெட்டிகளும் சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்களும் இருக்கும். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன பிள்ளைகள் தங்கள் சாமானை அப்பா அம்மா வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருப்பார்கள். இவற்றிலெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பருவம் முடிந்தால் இடம் காலியாகிறதா? வியாபாரி வந்து விலை சொன்னால் மூட்டை நகர்கிறதா?

மழை பொய்க்கும் ஊர் இது. குடத்தில், டிரம்மில், தொட்டியில் தண்ணீர் பிடித்து வைப்பதும், தொம்பையில் கேழ்வரகு போட்டு வைப்பதும், எண்ணெய் டின்னை விளக்கித் திரும்பப் புழங்குவதும் இங்கே கெட்டிக்காரத்தனம். நான் பார்த்தவரை வெளியூரிலிருந்து வந்த பயிற்சி மாணவர்கள் இதை நோயாக எழுதுவார்கள். உள்ளூர்க்காரர்கள் எதிர்ப்பக்கம் தவறுவார்கள்: "எங்க பாட்டியும் இப்படித்தான்" என்று உண்மையான நோயை விட்டுவிடுவார்கள். இரண்டாவது தவறு மோசமானது, ஏனென்றால் அது பாசத்தின் உருவில் வருகிறது.

வீடு சுத்தமாக இருக்கிறது என்று வீட்டார் சொன்னாலும் மூன்றாவது நிபந்தனையை அடித்துவிடாதீர்கள். மருமகள் தினமும் எடுத்து வைப்பதால்தான் சுத்தமாக இருக்கிறதென்றால் அந்த நிபந்தனை நிறைவேறியதாகவே கணக்கு. "மருமவ ஆடி மாசம் தாய் ஊட்டுக்குப் போயிருந்தப்ப ஊடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

அளவு கேட்க நான் பாயைத்தான் பயன்படுத்துகிறேன். "ஊட்ல எத்தனை பேர் படுக்கறீங்க? எத்தனை பாய் விரிக்க இடம் இருக்கு? மூணு வருஷம் முன்னால எத்தனை பாய்?" சதுர அடி தெரியாதவருக்கும் பாய்க் கணக்கு தெரியும். இது சோதித்து நிறுவப்பட்ட அளவுகோல் அல்ல, என் வசதிக்கு வைத்துக்கொண்டது. பொங்கலுக்குக் கடைசியாக எப்போது வெள்ளையடித்தீர்கள் என்ற கேள்வியும் உண்டு. சுவர் பக்கம் போகவே வழியில்லாத வீட்டில் வெள்ளையடிப்பது நின்று வருடங்கள் ஆகியிருக்கும். உறவுக்காரர் கடைசியாக வந்து தங்கியது எப்போது என்பதும் அப்படியே.

படி 5: எப்படி வந்து சேர்கிறது?

இந்த நோயாளிகளில் 80 முதல் 90 விழுக்காட்டினர் தேவைக்கு மீறிப் பொருள் சேர்ப்பவர்கள் என்கிறது டி.எஸ்.எம்-5. வாங்குவதுதான் முதலிடம், அடுத்து இலவசமாகக் கிடைப்பது. தவணைக்காரரிடம் எடுத்த பாத்திரம், வாரச் சந்தையில் 'சும்மா வெலை கேக்கப் போயி' வாங்கியது, போனில் ஆர்டர் செய்து பிரிக்காமல் கிடக்கும் பார்சல், காயலான் கடைக்காரரிடமே திரும்ப வாங்கியது எல்லாவற்றையும் கேளுங்கள். கடன் எவ்வளவு என்பதையும். ஆடு, நாய், பூனையைப் பராமரிக்க முடியாத எண்ணிக்கையில் சேர்ப்பவர்களும் உண்டு. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: எப்போதிலிருந்து?

அறிகுறிகள் பெரும்பாலும் 11 முதல் 15 வயதுக்குள் தலைகாட்டும். இருபதுகளின் நடுவில் அன்றாடத்தில் குறுக்கிடும். முப்பதுகளின் நடுவில் பாதிப்பு முற்றும். ஆனால் நம்மிடம் வருவது ஐம்பது, அறுபதுக்கு மேல், குவியல் மறைக்க முடியாத அளவுக்கு வளர்ந்த பிறகு. அதனால் "எப்ப ஆரம்பிச்சுது" என்றால் குவியல் பெரிதான வருடத்தைத்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடப் பையில் என்ன இருந்தது, வீட்டில் யார் தூக்கிப் போடச் சொல்லித் திட்டினார்கள் என்று பின்னால் போங்கள். தாய் தகப்பன், கூடப் பிறந்தவர்களில் யாராவது இப்படி உண்டா என்பதும் அவசியம். நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் உறவில் இப்படி ஒருவர் இருந்ததாகச் சொல்கிறார்கள்.

வருடம் நினைவில்லாதவருக்குக் கொம்பு நட்டுக் கொடுங்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004, பழைய நோட்டு செல்லாமல் போன 2016, ஊரடங்கு வந்த 2020. 'நோட்டு மாத்தப் போனப்ப பீரோ திறக்க முடிஞ்சுதா?' என்பதற்குப் பதில் வரும். கணவர் இறந்தது, மகள் கல்யாணமாகிப் போனது, நிலம் கைமாறியது போன்ற இழப்புகளையும் அதே கோட்டில் குறியுங்கள். இழப்புக்குப் பிறகு நோய் முற்றுவது அடிக்கடி காண்பது. அதே சமயம் இறந்த மகனின் சட்டையை இரண்டு வருடமாக மடித்து வைத்திருக்கும் தாய்க்கு நோய்ப்பெயர் தேட வேண்டாம்.

படி 7: இன்றைக்கே கேட்க வேண்டியவை

விறகடுப்புக்கோ கேஸ் அடுப்புக்கோ எவ்வளவு பக்கத்தில் துணியும் காகிதமும் இருக்கிறது? ராத்திரி எழுந்தால் வாசலுக்கு வழி இருக்கிறதா? தேள், பாம்பு, எலி? கெட்டுப்போன உணவு, காலாவதியான மாத்திரை? குழந்தைகளோ படுத்த படுக்கையான பெரியவரோ அந்த வீட்டில் உண்டா?

நம் பக்கத்துக்கே உரிய கேள்வி ஒன்று உண்டு, கட்டாயம் கேட்க வேண்டும்: பூச்சிமருந்து பாட்டில். காலி பாட்டில் என்று சேர்த்து வைத்ததில் பாதி காலியாக இருக்காது. சிலர் அதையே கழுவி எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள். இந்த நோயாளிகளில் பாதிப்பேர் வரை மனச்சோர்வும் உள்ளவர்கள். மனச்சோர்வும் கையெட்டும் தூரத்தில் பூச்சிமருந்தும் ஒரே வீட்டில் இருப்பதை வழக்கமான விஷயமாக எழுதிவிட்டுப் போகக் கூடாது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 'ஆம்' என்றால் மற்றக் கேள்விகளை நிறுத்திவிட்டு அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மருந்து பாட்டில்களை வீட்டைவிட்டு அப்புறப்படுத்த நம்பிக்கையான ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416-ஐ நோயாளியின் போனிலேயே பதிந்து கொடுங்கள், சீட்டில் எழுதித் தந்தால் அதுவும் குவியலுக்குள் போய்விடும்.

படி 8: வேறு நோயா?

மனச்சோர்வில் வீடு குலைவது சக்தி இல்லாததால். "யாராச்சும் வந்து எடுத்துப் போட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டால் மனச்சோர்வுக்காரர், "நல்லதுதான்" என்பார். பொருள் சேர்ப்புக் கோளாறு உள்ளவர் பதறுவார். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், அப்போது பதற்றமும் இருக்கும், சோர்வும் இருக்கும்.

ஓ.சி.டி.யில் வேறு கதை. பொருளைத் தொட்டால் தீட்டு, கிருமி என்று பயந்து எடுக்காமல் விட்டு அது குவிந்திருக்கும். அல்லது ஒன்றைப் போட்டால் வீட்டில் யாருக்கோ கெடுதல் நடக்கும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும். அவருக்கு அந்தப் பொருள் மேல் ஆசை இருக்காது, எண்ணத்தின் மேல் வெறுப்பு இருக்கும். நம் நோயாளிக்கோ பொருளைச் சேர்ப்பதில் சுகமும் பார்ப்பதில் நிம்மதியும் உண்டு. வலி பிரிவதில்தான். நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கு ஓ.சி.டி.யும் இருக்கும் என்பதால், ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடுவதை நிறுத்த வேண்டாம்.

அறுபதுக்கு மேல் திடீரென்று தொடங்கியதென்றால் மறதி நோயை முதலில் நினையுங்கள், குறிப்பாக மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகையை. கண்டதைப் பொறுக்குவார், ஆனால் எடுத்துப் போட்டால் கவனிக்கக்கூட மாட்டார். பண்பும் மாறியிருக்கும்: வெட்கம் போயிருக்கும், சாப்பாட்டுப் பழக்கம் மாறியிருக்கும். பைக் விபத்தில் தலையில் அடிபட்ட பிறகு தொடங்கியதா என்றும் கேளுங்கள். மனச்சிதைவில் குரலோ சந்தேகமோ சொல்லித்தான் பொருளைக் காப்பாற்றுவார். ஆட்டிசம் உள்ளவருக்கு ஒரே வகைப் பொருள்மீது குறுகிய ஆர்வம் இருக்கும்.

மூட்டு வலியால் குனிய முடியாமல் வீடு நிறைந்து போனவரும் உண்டு. அவருக்குத் தேவை ஒரு வேலையாள்.

படி 9: தன் நிலை தெரிகிறதா?

டி.எஸ்.எம்-5 மூன்று நிலை சொல்கிறது: தெரிகிறது, சரியாகத் தெரியவில்லை, அறவே தெரியவில்லை. மகனோடு சண்டை நடக்கும்போது, "எனக்கு ஒண்ணுமில்ல, இவனுக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு" என்று சொன்னதை வைத்து மூன்றாவதில் போட்டுவிடாதீர்கள். அது தன்மானத்தின் பேச்சு. தனியாக இருக்கும்போது, "பக்கத்து ஊட்டு அக்காகிட்ட இவ்வளவு சாமான் இருந்தா நீங்க என்ன சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். "கொஞ்சம் கொறைக்கச் சொல்லுவேன்" என்று வந்தால் அறிவு இருக்கிறது, அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

படி 10: அளவுகோல்கள்

ஹோர்டிங் ரேட்டிங் ஸ்கேல் ஐந்தே கேள்வி: இடம் அடைபட்டது, கைவிடும் கடினம், சேர்ப்பது, வேதனை, பாதிப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 8. மொத்தம் 14 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். நேர்காணலுக்குள்ளேயே கேட்டு முடித்துவிடலாம் என்பதால் நம் கூட்டத்துக்கு இதுதான் ஒத்துவரும். சேவிங் இன்வென்டரி-ரிவைஸ்டு 23 கேள்வி கொண்டது, வழக்கமாக 41-ஐ எல்லைக்கோடாக வைப்பார்கள். படிக்கத் தெரிந்தவருக்கு நல்லது. முழு நோயறிதலுக்கு ஸ்ட்ரக்சர்டு இன்டர்வியூ ஃபார் ஹோர்டிங் டிசார்டர் என்ற நேர்காணல் வடிவம் இருக்கிறது. டி.எஸ்.எம்-5 நிபந்தனைகளை வரிசையாகக் கேட்டுச் செல்லும்.

தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழியாக உள்ளவர்கள் நிறைய. உட்கார்ந்த இடத்தில் வாய்மொழியாக மொழிபெயர்த்துக் கேட்டால் அப்படிக் கேட்டதாகக் குறிப்பில் எழுதுங்கள், அந்த எண்ணை நோயறிதலாகக் காட்டாதீர்கள். மகனை மொழிபெயர்ப்பாளராக வைப்பதைவிட மருத்துவமனைச் செவிலியர் யாரையாவது கேட்பது மேல்.

படம் காட்டிக் கேட்கும் கிளட்டர் இமேஜ் ரேட்டிங்கில் சமையலறை, படுக்கையறை, கூடம் மூன்றுக்கும் ஒன்பது ஒன்பது படங்கள். நான்காவது படமும் அதற்கு மேலும் என்றால் பிரச்சினை. ஆனால் படத்தில் இருப்பது சோபாவும் கட்டிலும் போட்ட மேல்நாட்டு அறைகள். "இது யார் ஊடுங்க?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். நான் அதை எண்ணுக்காக அல்லாமல் பேச்சு தொடங்கவே பயன்படுத்துகிறேன்.

படி 11: வீட்டைப் பார்ப்பது

முடிந்தால் போய்ப் பாருங்கள். அழைப்பு நோயாளியிடமிருந்து வர வேண்டும், வீட்டாரிடமிருந்து அல்ல. துறையின் பெயர் எழுதிய வண்டியில் போய் வாசலில் இறங்கினால் ஊரே கூடிவிடும், அதனால் தெருமுனையில் இறங்கி நடந்து போங்கள். உட்காரச் சொன்னால், அவர் காட்டும் இடத்தில், அது சாக்கு மூட்டையானாலும், உட்காருங்கள். மூக்கைப் பொத்தாதீர்கள். போக முடியாவிட்டால் அவரே போனில் எடுத்த படம் போதும், ஒவ்வோர் அறையும் வாசலில் நின்று எடுத்ததாக. மகன் எடுத்து அனுப்பும் படத்தில் மிக மோசமான மூலை மட்டுமே இருக்கும்.

படி 12: எழுதுவதும் சொல்வதும்

மருத்துவருக்குப் போகும் குறிப்பு ஒரு பக்கம் போதும். இப்படி:

'62 வயது, கணவரை இழந்தவர், மகன் குடும்பத்தோடு இருக்கிறார். தாம்பூலப் பை, எண்ணெய் டின், துணி ஆகியவற்றைக் கைவிட முடியவில்லை, காரணம் அவர் சொற்களில், "போட்டா அவரு நெனப்பும் போயிரும்." பள்ளி வயதிலிருந்தே உண்டு, கணவர் இறந்த பின் மிகுதி. நாலு பாய் விரித்த கூடத்தில் இப்போது ஒன்று. அடுப்புக்கு இரண்டடியில் துணி மூட்டை. பூச்சிமருந்து பாட்டில் மூன்று இருந்தன, தம்பி எடுத்துச் சென்றார். தற்கொலை எண்ணம் இல்லை. மனச்சோர்வு உண்டு, மதிப்பிட வேண்டும். மறதி, தலைக்காயம் இல்லை. ஐந்து கேள்வி அளவுகோலில் 26, வாய்மொழியாக. தனிமையில் தன் நிலை ஓரளவு தெரிகிறது, மகன் முன் மறுக்கிறார்.'

நோயாளியிடம் சொல்லும்போது எண்ணைச் சொல்லாதீர்கள். "சாமான் பிரச்சினை இல்லீங்கம்மா. அதை விடறப்ப உங்களுக்கு வர்ற வலிதான் பிரச்சினை. அந்த வலியக் கொறைக்க வழி இருக்கு, மெதுவாத்தான் நடக்கும்" என்பது போதும். இதற்கென்றே வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் (எண்ணத்தையும் பழக்கத்தையும் பேச்சாலும் பயிற்சியாலும் மாற்றுவது) அந்த வழி, மாதக்கணக்கில் போகும். வீட்டாரிடம் தனியாக, அழுத்திச் சொல்லுங்கள்: அவர் இல்லாத நேரம் பார்த்து டிராக்டர் வைத்து அள்ளக் கூடாது. அள்ளினால் வீடு சில மாதத்தில் திரும்ப நிறையும், அவர் உங்கள் அறைக்குள் மறுபடி கால் வைக்க மாட்டார்.

அடுத்த தேதியைச் சந்தை நாளில் போடாதீர்கள். போச்சம்பள்ளிப் பக்கத்து ஆள் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார், வந்தாலும் கை நிறையச் சாமானோடுதான் வருவார்.